கருப்பட்டியின் நிறமும் காளான் பொடியின் நிறமும்

விலை கொடுத்து வாங்குபவருக்கும் விலை பெற்று விற்பவருக்கும் இடையே எக்காலத்தும் ஒரு சமமின்மை உண்டு. பொருள் எதனால் ஆயிற்று, எவ்வாறு ஆயிற்று, எவ்வளவு காலம் கிடந்தது என்பவற்றையெல்லாம் விற்பவர் அறிவார். வாங்குபவரோ தம் கண்ணையும் மூக்கையும் நாவையும் நம்பியே நிற்கிறார். பொருள்கள் மூடி முத்திரையிட்ட பொதிகளில் வந்து சேரும் இக்காலத்தில் மூக்கும் நாவும் பயனற்றுப்போய்க் கண் ஒன்றே எஞ்சியிருக்கிறது. சென்ற முறை வாங்கிய பொருளின் நிறம் இம்முறை இல்லையென்றால் வாங்குபவர் துணுக்குறுகிறார். அவர் துணுக்குறுவதை அறிந்த விற்பவர் நிறத்தைத் திருத்த முற்படுகிறார். உணவில் கலப்படம் என்னும் தீமை, பேராசையால் மட்டுமன்றி, இந்த அச்சத்தின் வழியாகவும் நுழைகிறது என்பதை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை.

இன்று திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் உள்ள மருந்துக் கடைகளிலும், இணைய அங்காடிகள் வழியே சிற்றூர்களிலும், காளான் சாரப் பொடிகள் குப்பிகளாகவும் உறை மாத்திரைகளாகவும் விலையாகின்றன. உடல்வலிமைக்கும் உறக்கத்துக்கும் நினைவாற்றலுக்கும் உகந்தவை எனச் சொல்லி விற்கப்படும் இத்துணையுணவுகளை, மருத்துவமனை வாயில்களில் நம்பிக்கை தேடி நிற்கும் குடும்பங்களும் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றன. ஒரு குப்பியில் வெளிர்மஞ்சளாக இருந்த பொடி அடுத்த குப்பியில் காப்பிப்பொடியின் நிறங்கொண்டு வரும்போது, தாம் ஏமாற்றப்பட்டோமோ என அவர்கள் ஐயுறுவது இயல்பே. அந்த ஐயத்துக்கு விடை சொல்லும் கடமை விற்பவர்க்கு உண்டு. ஆயினும் விடையைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. மரத்திலிருந்தோ செடியிலிருந்தோ பெற்ற சாற்றைத் தீயில் வற்றவைத்துத் திண்மையாக்கும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் மக்கள், சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் இடைப்பட்ட தேரிக்காட்டு ஓரங்களில் இன்னும் வாழ்கிறார்கள்.

மாசி பங்குனியில் தொடங்கி ஆடி வரை நீளும் பனைப் பருவத்தில், பனையேறி நாள்தோறும் மரமேறிப் பாளை சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். சுண்ணாம்பு இல்லையேல் சொட்டும் சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மையே அதைப் பதநீராக நிறுத்திவைக்கிறது. இறக்கிய பதநீரை வடிகட்டித் தெளியவைத்து, விடிலி எனப்படும் காய்ச்சும் குடிலில் பெண்கள் பல மணி நேரம் அடுப்பெரித்துக் காய்ச்சுகிறார்கள். பொங்கி வழியாதிருக்க நசுக்கிய ஆமணக்கு முத்துச் சிறிது இடுவதும், பாகின் பதத்தைத் துடுப்பில் எடுத்துப் பார்ப்பதும், பதம் வந்தவுடன் தாமதமின்றிச் சிரட்டைகளில் ஊற்றுவதும் எழுதி வைக்கப்படாத ஒரு கலையின் நுட்பங்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். அவ்வளவு நீரையும் ஆவியாக்கிய தீயே அதன் நிறத்தையும் உண்டாக்குகிறது.

அந்த நிறம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதற்கு விடிலியில் நிற்பவரும் வேதியியல் கற்றவரும் ஒரே விடையையே வெவ்வேறு சொற்களால் தருவார்கள். கரும்பழுப்பு நிறத்தின் பெரும்பகுதி, சர்க்கரைகளும் சாற்றிலுள்ள அமினோ அமிலங்களும் வெப்பத்தில் ஒன்றோடொன்று வினைபுரிவதால் பிறக்கிறது. பிரெஞ்சு வேதியியலார் மெயில்லார்டு 1912-இல் விளக்கிய வினை இதுவே. எஞ்சியது சர்க்கரை தானே தீய்ந்து கருகுவதால் வருவது. பதநீர் சற்றே புளித்துவிட்டால் அதிலுள்ள சர்க்கரை உடைந்து எளிய சர்க்கரைகளாகும். அவை விரைவில் பழுப்பேறும், கட்டியும் இறுகாமல் இளகும். சுண்ணாம்பு மிகுந்தாலும் நிறம் கறுக்கும். அடுப்பு ஆடி எரிந்த நாளுக்கும் சீராக எரிந்த நாளுக்கும் வேற்றுமை உண்டு. பருவத்தின் தொடக்கத்துச் சாற்றுக்கும் இறுதிச் சாற்றுக்கும் உண்டு. காய்ச்சி முடிந்த பின்னும் நிறம் நிற்பதில்லை. ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் கருப்பட்டி நீர் உறிஞ்சிக் கசியும். அதைத் தடுக்க அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி அடுக்கி வைத்தால் மேற்பரப்பு மேலும் கறுக்கும். ஒரே குடும்பம், ஒரே தோப்பு, ஒரே அடுப்பு என்றிருந்தும் இரண்டு நாட்களின் கருப்பட்டி ஒரே நிறமாக இருப்பது அரிது. அந்த வேறுபாட்டைக் குறையெனச் சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை.

காளான் சாரத்துக்கும் அடிப்படை நியதி இதுவே. ஆனால் அங்கே காரணங்கள் இன்னும் மிகுதி. முதலாவது, காளான் என்பது ஒரே பொருளன்று. கனோடெர்மா என்னும் ரெய்ஷிக் காளான் மரப்பட்டை போல் இறுகிச் செம்பழுப்பு மெருகேறியது. அதன் சாரம் கசப்பும் கருமையும் உடையது. லயன்ஸ் மேன் எனப்படுவது பால்வெண்மையானது. அதன் பொடி இளமஞ்சளாகவே தொடங்கும். கார்டிசெப்ஸ் வகைகளுள் செயற்கையாக வளர்க்கப்படுவதன் செம்மஞ்சள் நிறம், வளர்ந்த அறையின் ஒளிக்கேற்ப ஏறவும் இறங்கவும் செய்யும். குளிர்நாடுகளில் பூர்ச்ச மரங்களைப் பற்றி வளரும் சாகாவோ, தலைமயிருக்குக் கருமை தரும் மெலனின் இனத்து நிறமிகளால் கரியாகவே காட்சியளிக்கும். இவற்றின் பெயர் குப்பியின் மேல் சிற்றெழுத்தில் ஒளிந்திருக்க, காளான் என்ற ஒரு சொல்லின் கீழ் அனைத்தையும் விற்கும்போது நிறம் மாறாதிருக்குமென எதிர்பார்ப்பது எவ்வாறு?

இரண்டாவது, சாரம் இறக்கும் முறை. வெந்நீரில் வேகவைத்தால் நீரில் கரையும் பீட்டா குளுக்கான் முதலிய பெருஞ்சர்க்கரைகள் இறங்கும். எரிசாராயத்தில் ஊறவைத்தால், ரெய்ஷிக்குக் கசப்பைத் தரும், நீரில் எளிதிற் கரையாத பிசின்தன்மையுள்ள பொருள்கள் இறங்கும். அவ்வாறு பெற்றது கருத்து ஒட்டும் தன்மையுடையதாக இருக்கும். இரு முறைகளையும் இணைத்துப் பெற்றது இன்னொரு நிறம். மூன்றாவது, உலர்த்தும் முறை. சாரத்தை வெங்காற்றில் தூவி உலர்த்தும்போது அது ஒட்டாதிருக்க மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்துப் பொடியைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. எவ்வளவு சேர்க்கிறார்களோ அவ்வளவுக்குப் பொடி வெளுக்கும், சாரமும் மெலியும். நான்காவது, காளானின் சதையே காற்றுப் பட்டால் பழுப்பேறும் இயல்புடையது. அரிந்து வைத்த வாழைக்காயைக் கறுக்கச் செய்யும் அதே நொதி காளானிலும் இருக்கிறது. பறித்து எத்தனை மணி நேரத்தில் உலர்த்தினார்கள் என்பது பொடியின் நிறத்தில் தெரியும். சந்தையில் விற்கும் மொட்டுக்காளான் வெள்ளை வெளேரென்று தோன்ற வேண்டுமென்பதற்காகக் கந்தக உப்புக் கரைசலில் கழுவும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவருவதும் இந்த இயல்பை மறைப்பதற்கே.

இவற்றுக்கெல்லாம் மேலான வேறுபாடு ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலான வாங்குவோர் அறியார். காளான் என நாம் கண்ணால் காண்பது குடைபோல் விரியும் கனியுறுப்பு. அதற்கு அடியில் வெண்ணூலாகப் பரவி நிற்பது பூசண இழை. கனியுறுப்பை வளர்த்துப் பறித்துச் சாரமிறக்குவதற்குக் காலமும் செலவும் மிகுதி. அரிசியிலோ சோளத்திலோ இழையை வளர்த்து, தானியத்தைப் பிரிக்காமல் அதனோடு சேர்த்தே உலர்த்தி அரைத்துவிடுவது எளிது. பின்னதில் தானிய மாவு பெருமளவில் கலந்திருப்பதால் பொடி வெளிறி மெல்லிய நிறங்கொள்ளும். ஒரு துளி அயோடின் இட்டால் மாவுச்சத்து கருநீலமாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தானியத்தில் வளர்த்ததைத் தானியத்தில் வளர்த்தது என்றே சொல்லி அதற்குரிய விலைக்கு விற்பதில் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதே குற்றம். ஆகவே காளான் பொடியின் நிறம் மாறியதற்குக் காரணம் இயற்கையாகவும் இருக்கலாம், முறையாகவும் இருக்கலாம், மோசடியாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே நிறத்தைத் தரவும் கூடும்.

இங்கேதான் நாம் மிகுந்த கவனத்துடன் நடக்க வேண்டியிருக்கிறது. நிறவேறுபாடு குற்றமன்று எனக் கூறியதும், நிறவேறுபாடே தூய்மையின் அடையாளம் என்று முழங்கும் வணிகர்கள் உடனே எழுவார்கள். சாத்தான்குளத்துச் சந்தை இதற்கும் பாடம் சொல்கிறது. பனங்கருப்பட்டியின் விலை சீனியின் விலையைப்போல் பல மடங்கு. கொதிக்கும் பாகில் சீனியைக் கொட்டிக் கரைத்தால் அளவு பெருகும், கட்டி இறுகும், நிறமும் வெளுக்கும். வெளுத்த நிறத்தை மறைக்கக் கழிவுப்பாகு சேர்த்துக் கறுக்கச் செய்வதும் அரிதன்று. உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் சீனி கலந்த கருப்பட்டியையும், அதற்கென வைத்திருந்த சீனி மூட்டைகளையும் கைப்பற்றிய செய்திகள் ஒருமுறை இருமுறை வந்தவை அல்ல. உடைத்துப் பார், உள்ளே மினுங்கினால் கலப்படம் என்றும், கடித்துப் பார், நறநறத்தால் கலப்படம் என்றும் பெரியவர்கள் சொல்லிவைத்த சோதனைகள் கலப்படக்காரன் கற்றுக்கொள்ளாத காலத்தில் பயன்பட்டன. இன்று அவனும் அவற்றைக் கற்றிருக்கிறான். பருவம் முடிந்து மாதங்கள் கடந்த பின்னும் புதுக்கருப்பட்டி சிப்பம் சிப்பமாகச் சந்தைக்கு வருமானால், அது எந்தப் பாளையில் வடிந்தது என்று கேட்கும் வாங்குபவரே அந்தச் சோதனைகளை நம்பியிருப்பவரைவிட விழிப்பானவர்.

நிறத்தை அளவுகோலாக்கிய சமுதாயங்கள் என்ன விலை கொடுத்தன என்பதற்கு நம் அண்டை நாடே சான்று. வங்கதேசத்தில் 1980-களில் பெருவெள்ளம் வந்து, நனைந்த மஞ்சள் நிறம் மங்கியபோது, மங்கிய மஞ்சளை மக்கள் வாங்கத் தயங்கினர். அப்போது பளபளப்பூட்டுவோர் ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் வண்ணச் சாயத்தைக் கிழங்கின் மேல் ஏற்றத் தொடங்கினர். வெள்ளம் வடிந்தது, வழக்கம் வடியவில்லை. ஒரு தலைமுறைக்கு மேலாகக் கருவுற்ற பெண்களின் குருதியிலும் குழந்தைகளின் குருதியிலும் ஈயம் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்நாட்டு ஆய்வாளர்களும் 2019-இல் இதை ஐயத்துக்கிடமின்றி நிறுவிய பிறகே அரசு விழித்தது. ஆனால் விழித்த அரசு செய்ததை நாம் பாராட்டியே ஆக வேண்டும். மொத்த வணிகர்களைச் சந்தையிலேயே சோதித்துத் தண்டித்தது. பளிச்சென்ற மஞ்சளை நாடாதீர்கள் என மக்களுக்குச் சொன்னது. 2019-இல் சோதித்த மாதிரிகளுள் 47 விழுக்காட்டில் இருந்த ஈயக் கலப்பு 2021-இல் இல்லாமற்போயிற்று. முப்பது ஆண்டுத் தீமையை இரண்டே ஆண்டுகளில் களைய முடிந்தது என்றால், களையாதிருப்பதற்கு இனி எந்த அரசும் காலத்தைக் காரணங்காட்ட இயலாது.

நம் மாநிலத்துக்கும் இந்தக் கதை புதிதன்று. வெண்மைக்காகச் சேலத்துச் சவ்வரிசியில் வெளுப்புப் பொருள்களும், பொன்னிறத்துக்காக வெல்லத்தில் ஹைட்ரோஸ் என்று வணிகர் அழைக்கும் கந்தக வேதிப்பொருளும் சேர்ந்த வரலாறு அனைவரும் அறிந்தது. குழந்தைகளைக் கவரும் இளஞ்சிவப்புக்காகப் பஞ்சுமிட்டாயில் துணிச்சாயமாகிய ரோடமின்-பி சேர்க்கப்பட்டது ஆய்வில் உறுதியானபின் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. இவை அனைத்திலும் நஞ்சைச் சேர்த்த கை விற்பவருடையது என்பது உண்மையே. ஆனால் எந்த நிறம் விலைபோகும் என்பதை அவருக்குச் சொன்னது வாங்குபவரின் கண்.

ஆய்வகமும் தன்னளவில் முழுக் காவலாகாது என்பதைத் தேனின் வழக்கு காட்டியது. கரும்பும் பனையும் காற்றிலிருந்து கரிமத்தை ஈர்க்கும் வழிகள் வேறு வேறாதலால், அவற்றின் சர்க்கரையில் கனமான கரிம அணுக்களும் இலேசான கரிம அணுக்களும் வேறு விகிதத்தில் அமைகின்றன. பூக்களிலிருந்து வரும் தேனும் பெரும்பாலும் பனையின் பக்கமே நிற்கும். இதைக் கொண்டு தேனில் கரும்புச் சர்க்கரை கலந்ததைக் கண்டறிந்து வந்தனர். அதைத் தெரிந்துகொண்ட மோசடிக்காரர், அதே விகிதம் கொண்ட அரிசிப் பாகுக்கு மாறினர். தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், உள்நாட்டுச் சோதனைகளில் பெரும்பாலும் தேறிய தேன்கள் செருமானிய ஆய்வகத்தின் நுண்சோதனையில் வீழ்ந்தன. 22 மாதிரிகளுள் 17 தேறவில்லை. இதிலிருந்து கருப்பட்டிக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. கருப்பட்டியில் கலக்கப்படுவது பெரும்பாலும் கரும்புச் சீனி. கரும்புச் சீனியைப் பனைச் சர்க்கரையிலிருந்து சாதாரணச் சோதனை பிரித்தறியாது, ஏனெனில் இரண்டும் சுக்ரோசே. கரிம விகிதச் சோதனையோ அதைப் பிரித்தறிய வல்லது. மோசடிக்காரர் வேறு பாகுக்கு மாறுமுன், இந்தச் சோதனையை இப்போதே கைக்கொள்ள வேண்டும்.

காளான் துணையுணவுகளைப் பற்றி உலகம் கண்டதும் ஆறுதல் தருவதாக இல்லை. அமெரிக்கச் சந்தையில் வாங்கிய 19 ரெய்ஷித் துணையுணவுகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், குப்பியின் மேல் எழுதியதற்கு ஒத்திருந்தவை 5 மட்டுமே. ஒழுங்குமுறை மிகுந்தது எனக் கருதப்படும் நாட்டிலேயே இந்நிலை எனில், இறக்குமதியான பொடியை உறைகளில் அடைத்துத் தம் பெயரிட்டு விற்கும் நம் நாட்டுச் சந்தையைப் பற்றி நாம் அமைதியாக இருக்கலாகாது. 2016-இல் வகுத்த துணையுணவு விதிகள், இவை மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியவை அல்ல என்று குப்பியின்மேல் எழுதியாக வேண்டும் என்கின்றன. 1954-ஆம் ஆண்டு மாய மருந்துகள் விளம்பரச் சட்டம், புற்றுநோயையும் நீரிழிவையும் தீர்ப்பதாக விளம்பரஞ் செய்வதையே தடுக்கிறது. இவ்விரண்டு ஏற்பாடுகளும் இருந்தும், நண்பர் வழி நண்பர், உறவினர் வழி உறவினர் எனப் படரும் சங்கிலி விற்பனையில், வாய்மொழியாக அதே வாக்குறுதிகள் வீட்டுத் திண்ணைகளில் வழங்கப்படுகின்றன. எழுத்தில் இல்லாத பொய்யைச் சட்டம் பிடிப்பது அரிது. நோயுற்றோரின் கடைசிச் சேமிப்பு அந்தப் பொய்க்குச் செல்வதைப் பொறுத்திருக்கும் சமுதாயம் எதையும் பொறுத்துக்கொள்ளும்.

ஆகவே கடமைகளைப் பெயர்சொல்லிக் கூறுவோம். துணையுணவு விற்போர், காளானின் இனப்பெயரையும், கனியுறுப்பா இழையா என்பதையும், நீரில் இறக்கியதா சாராயத்தில் இறக்கியதா என்பதையும், நிரப்பி எவ்வளவு என்பதையும், மாவுச்சத்தும் பீட்டா குளுக்கானும் எத்தனை விழுக்காடு என்பதையும் வாங்குபவர் படிக்கும் எழுத்தில், தமிழிலும், அச்சிட வேண்டும். நிறம் மாறுமாயின் எவ்வெல்லைக்குள் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; முன்கூட்டிச் சொன்ன மாற்றத்தைக் கண்டு எவரும் ஐயுறார். இதனை அவர்களாகச் செய்யமாட்டார்கள் என்றால், செய்விக்கும் அதிகாரம் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசுக்கு இருக்கிறது.

கருப்பட்டியைப் பொறுத்தவரை, 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றதை நாம் மகிழ்வோடு வரவேற்றோம். ஆனால் குறியீடு ஊரைக் காக்கும். தூய்மையை, அதைக் காட்டிக் காப்போர் இருந்தால் மட்டுமே காக்கும். குறியீட்டின் பெயரால் சீனிக் கட்டிகள் விலையானால், உண்மையாக மரமேறுவோர் தம் ஊரின் பெயராலேயே தோற்கடிக்கப்படுவார்கள். பனையேறிகளின் தொகை ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. விழுந்தால் முதுகெலும்பு முறியும் உயரத்தில் நாள்தோறும் உயிரைப் பணயம் வைப்பவரின் பிள்ளைகள் அத்தொழிலை விட்டு விலகுவதில் வியப்பில்லை. 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்து 76 இலட்சம் பனைவிதைகளைப் பகிர முன்வந்த அரசு, நட்ட பனை பாளைவிடப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதை மறந்திருக்க முடியாது. அதுவரை ஏறுவோர் எஞ்சியிருக்க வேண்டுமானால், அவர்களின் கருப்பட்டி சீனிக் கட்டியோடு விலைப்போட்டியில் நிற்கும்படி விடலாகாது.

பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வகம் இருக்கிறது. தாமிரபரணிக் கரையிலிருந்து தேரிக்காடு வரை உள்ள மக்கள் கைக்கெட்டும் தொலைவில் நம்பத்தக்க சோதனையைப் பெற முடியும் என்பதே அதன் பயன். அங்கே கரிம விகிதச் சோதனைக்குரிய கருவியை நிறுவுவதும், அதை இயக்கக் கற்றவரை அமர்த்துவதும், அண்டை மாவட்டங்களின் கருப்பட்டிக்கும் தேனுக்கும் துணையுணவுக்கும் பயன்படும் செலவு. பருவந்தோறும் மரமேறுவோரின் தோப்புகளிலிருந்து நேரில் எடுத்த தூய மாதிரிகளைச் சோதித்து, தூய கருப்பட்டியின் நிறமும் ஈரப்பதமும் சர்க்கரை விகிதமும் எவ்வெவ் எல்லைகளுக்குள் மாறுகின்றன என்ற பதிவை ஏற்படுத்துவதும் அந்த ஆய்வகத்தின் பணியாக வேண்டும். அத்தகைய பதிவு இல்லாதவரை, கருத்த கருப்பட்டியைக் கொணர்ந்த நேர்மையான பனையேறிக்கும் கழிவுப்பாகு ஊற்றிய கலப்படக்காரனுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லும் அலுவலர் தம் கண்ணையே நம்ப வேண்டியிருக்கும்; கண்ணை நம்பியதால் வந்த கேடுகளை மேலே கண்டோம்.

வாங்குவோருக்கும் சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, எவரும் தாம் வாங்கிய உணவை உரிய கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் செய்யலாம். பொருள் சட்டத்துக்கு மாறானது என அறிக்கை வருமாயின் கட்டணம் திருப்பித் தரப்படும். ஆனால் சோதிக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் அறிவிக்க வேண்டும் எனவும் அதே பிரிவு விதிக்கிறது. கடைக்காரரை நேரில் கண்டு வாங்கிய காலத்துக்கு எழுதிய இந்த விதி, எங்கோ இருக்கும் கிடங்கிலிருந்து அஞ்சலில் வரும் குப்பிக்கு எவ்வாறு பொருந்தும்? மறுப்புக்கு இடமின்றி மூடிய பொதியில் வரும் துணையுணவுகளுக்கேனும் இந்நிபந்தனையை நீக்கி, பொதி பிரிக்கப்படாத நிலையில் அதைப் பெற்றவர் நேரே ஆய்வகத்துக்கு அனுப்பலாம் எனத் திருத்துமாறு ஒன்றிய அரசைக் கேட்கிறோம். மாநில அரசோ அந்தத் திருத்தத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வரும் மாசியில் பாளை சீவத் தொடங்குமுன் பாளையங்கோட்டை ஆய்வகத்துக்குக் கருவியையும் ஆளையும் ஒதுக்கி, சாத்தான்குளம், உடன்குடிப் பகுதித் தோப்புகளில் முதல் மாதிரிகளை எடுக்க ஆணையிடுவது அதன் கையிலேயே இருக்கிறது.